புதுப்பேட்டை ஃபார்முலா

மறைமலை நகரில் குடியிருப்பவனுக்கு ஒரு தர்மசங்கடம் உண்டு. 1916-ல் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கி, வேதாசலம் என்ற சொந்தப் பெயரையே மறைமலை அடிகள் என்று மாற்றிக்கொண்ட பெரியவரின் பெயரில் இருக்கும் ஊர் இது. என் தெருமுனை போர்டுகளோ மெடிக்கல்ஸ், எலக்ட்ரிகல்ஸ், டிபன் சென்டர். அந்த போர்டுகளுக்குக் கீழே உட்கார்ந்து நான் எழுதப்போவது கோம்பெர்ட்ஸ், லாஜிஸ்டிக், கிளையோமா என்று. அடிகளார் மன்னிப்பாரா?

மன்னிப்பார். 1908 வாக்கில் அவரே ஓர் இங்கிலீஷ் பத்திரிகை நடத்தியிருக்கிறார். பெயர் ‘தி ஓரியண்டல் மிஸ்டிக் மைனா’. அதில் நமக்குப் பழக்கமான ஒரே வார்த்தை மைனா. அதுவும் வடக்கேயிருந்து பறந்து வந்தது.

விஷயத்துக்கு வருவோம். மூளையில் வரும் புற்றுநோய்க் கட்டி எவ்வளவு வேகமாக வளரும், கதிர் வைத்தால் எவ்வளவு அடங்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல ஒரு துறையே இருக்கிறது. கேட்டதும் உங்கள் மனசில் என்ன படம் ஓடும்? வெள்ளைக் கோட்டு, கண்ணாடிக் குடுவை, நடுராத்திரி, கலைந்த தலையோடு ஒரு மேதை மேஜையைத் தட்டி எழுகிறார். அப்படி யாரும் எழவில்லை சார். இந்த வண்டியை ஷோரூமில் வாங்கவே இல்லை. அத்தனையும் புதுப்பேட்டை ஐட்டம்.

புதுப்பேட்டை தெரியும் அல்லவா? கதவு ஒரு காரிலிருந்து, கண்ணாடி இன்னொன்றிலிருந்து, ஹாரன் மூன்றாவதிலிருந்து. அதே கதைதான் இங்கேயும். எஞ்சின் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியிலிருந்து வந்தது. கியர்பாக்ஸ், போப்பாண்டவருக்கே புத்தி சொல்லப் போன ஒரு பெல்ஜியக்காரருடையது. சேஸிஸ், சிகரெட்டால் கேன்சர் வராது என்று அடம்பிடித்த ஒருவருடையது. பிரேக் மட்டும் ஒரு கிடாவின்... அது அப்புறம். இருபது வருஷத்துக்கு மேல் ஃபோர்டு கார் புத்தம் புதுசாக வெளியே வந்த ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

முதலில் எஞ்சின். ஒரு செல் இரண்டாகிறது, இரண்டு நாலாகிறது. முப்பது தடவை இரட்டித்தால் நூறு கோடி செல். எடை சுமார் ஒரு கிராம், பெரிய கொண்டைக்கடலை ஒன்றின் அளவு. இன்னும் பத்தே தடவை இரட்டித்தால் ஒரு கிலோ. நம் மூளையே ஒன்றரை கிலோவைத் தாண்டாது. சுருக்கமாக, மீட்டர் வட்டி. ஆனால் எந்தக் கட்டியும் இப்படிக் கடைசிவரை ஓடுவதில்லை. பெருக்கப் பெருக்க உள்ளே இருக்கும் செல்களுக்குச் சாப்பாடு போய்ச் சேருவதில்லை, மூச்சு வாங்குகிறது. மீட்டர் வட்டிக்காரனுக்கும் ஒருநாள் அசதி வரும் என்று சொல்ல ஒரு கோடு வேண்டும். அந்தக் கோட்டைப் போட்டவர் தன் வாழ்நாளில் ஒரு கட்டியையும் அளந்து பார்த்தவர் இல்லை.

பெஞ்சமின் கோம்பெர்ட்ஸ், லண்டன்காரர், 1779-ல் பிறந்தவர். யூதர் என்பதால் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. நியூட்டனைத் தானே படித்துக் கணக்கு கற்றுக்கொண்டார். ஒரு பெரிய இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை கேட்டார், யூதருக்கு இடமில்லை என்றார்கள் என்று ஒரு கதை உண்டு. பிறகு என்ன நடந்தது? நம்ம ஊரில் நடப்பதுதான். அவருடைய மச்சான் மோசஸ் மான்டிஃபியோரியும், மச்சானுடைய சகலை நேதன் ராத்ஸ்சைல்டும் சேர்ந்து 1824-ல் புதுசாக ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியே ஆரம்பித்து, மாப்பிள்ளையைக் கணக்கு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். சகலை ராத்ஸ்சைல்டாக இருந்தால் இதெல்லாம் ஒரு விஷயமா?

அடுத்த வருஷமே, 1825-ல், அவர் ராயல் சொசைட்டிக்கு ஒரு கட்டுரை கொடுத்தார். மனுஷன் எந்த வயசில் எந்த விகிதத்தில் சாகிறான் என்பதுதான் விஷயம். வயசு ஏற ஏறச் சாகும் வாய்ப்பு கூட்டு வட்டியில் ஏறுகிறது. இன்றைய கணக்கில், நடுவயசுக்காரர்களுக்கு ஏறக்குறைய எட்டு வருஷத்துக்கு ஒருமுறை அது இரட்டிக்கிறது. உங்கள் எல்.ஐ.சி. ஏஜென்ட் சிரித்துக்கொண்டே வயசு கேட்பது இதற்காகத்தான்.

139 வருஷம் கழித்து, 1964-ல், அமெரிக்காவில் ஆனா லேர்ட் என்ற அம்மா சுண்டெலி, எலி, முயல் ஆகியவற்றின் கட்டிகளை அளந்த எண்களை வரைபடமாகப் போட்டுப் பார்த்தார். கட்டி வளரும் வேகம் நாளுக்கு நாள் ஒரே விகிதத்தில் இளைத்துக்கொண்டே போனது. கோம்பெர்ட்ஸின் சாவுக் கோடு அச்சு அசலாகப் பொருந்தியது. பாலிசிதாரர் சாவதற்குப் போட்ட கோட்டில் எலியின் கட்டி வளர்ந்துகொண்டிருந்தது!

எங்கள் ஊர்ப் பெரியவருக்கும் இந்தச் சப்ஜெக்டில் ஈடுபாடு உண்டு. 1933-ல் ‘மக்கள் நூறாண்டு உயிர்வாழ்க்கை’ என்று ஒரு நூல் எழுதினார். அவர் வாழ்ந்தது 74 வருஷம். சாவுக்கு ஃபார்முலா எழுதிய கோம்பெர்ட்ஸ் வாழ்ந்தது 86 வருஷம். நான் ஒன்றும் சொல்லவில்லை.

கோம்பெர்ட்ஸின் தம்பி லூயிஸ் இன்னும் சுவாரசியமானவர். கறி, பால், முட்டை எதையும் தொடமாட்டார், தோல் செருப்பு போடமாட்டார், குதிரைக்கு வலிக்கும் என்று கோச்சு வண்டியில் ஏறவும் மாட்டார். அதற்காகக் கையாலும் ஓட்டும் ஒரு சைக்கிளை வடிவமைத்தார். அண்ணன் ஊரார் எப்போது சாவார்கள் என்று கணக்குப் போட, தம்பி குதிரைகூடச் சாகக் கூடாது என்று நடந்தே போனார். வீட்டில் சாப்பாட்டு நேரம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

கியர்பாக்ஸுக்கு வருவோம். பியர் ஃபிரான்சுவா வெர்ஹுல்ஸ்ட், பெல்ஜியக்காரர். 1830-ல் உடம்பு தேறட்டும் என்று ரோமாபுரிக்குப் போனார். போனவர் சூப்பைக் குடித்துவிட்டு ஓய்வெடுத்தாரா? போப்பாண்டவரின் ராஜ்ஜியத்துக்கு அரசியல் சட்டம் இல்லையே என்று கவலைப்பட்டு, நாமே ஒன்று கொண்டுவந்தால் என்ன என்று கிளம்பிவிட்டார். வயசு இருபத்தைந்து, இருபத்தாறு. திருப்பதிக்கு மொட்டை போடப் போனவர் தேவஸ்தானத்துக்கு பைலா எழுதிக் கொடுத்த மாதிரி. போலீஸ் வந்து, தம்பி, ஊருக்குக் கிளம்புங்கள் என்றது.

அரசியல் போச்சு, கணக்கு மிஞ்சியது. மால்தஸ் பாதிரியார் ஜனத்தொகை இரட்டித்துக்கொண்டே போகும் என்று பயமுறுத்தி வைத்திருந்த காலம். இந்த மால்தஸ், நம்மை ஆள வந்த கம்பெனி துரைகளுக்கு ஹெய்லிபரி கல்லூரியில் பாடம் எடுத்தவர். பாப்புலேஷன் என்றே பேசிக்கொண்டிருந்ததால் பையன்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘பாப்’. வாத்தியாருக்குப் பட்டப்பெயர் வைப்பதில் எந்தச் சாம்ராஜ்யமும் நமக்குச் சளைத்ததல்ல. வெர்ஹுல்ஸ்ட் 1838-ல் சொன்னது இது: இரட்டிக்கும், ஆனால் ஓர் உச்சவரம்பு உண்டு. அதை நெருங்க நெருங்க வளர்ச்சி தானாகப் படுத்துவிடும்.

உச்சவரம்பு எவ்வளவு? பெல்ஜியத்துக்கு முதலில் 66 லட்சம் என்றார். ரெண்டு வருஷம் கழித்து, இல்லை 94 லட்சம் என்றார். இன்று அங்கே ஒரு கோடியே பத்து லட்சத்துக்கு மேல் இருக்கிறார்கள். 1920-ல் அமெரிக்காவின் ரேமண்ட் பெர்ல், வெர்ஹுல்ஸ்ட் என்று ஒருவர் இருந்ததே தெரியாமல் அதே கோட்டை மறுபடியும் கண்டுபிடித்து, அமெரிக்க ஜனத்தொகை 19 கோடியே 72 லட்சம் சொச்சத்தில் நின்றுவிடும் என்று அடித்துச் சொன்னார். கவனியுங்கள், சுமார் 20 கோடி என்று சொல்லவில்லை. 19 கோடியே 72 லட்சம்! அமெரிக்கா இப்போது 33 கோடியைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

வெர்ஹுல்ஸ்ட் தன் கோட்டுக்கு ‘லாஜிஸ்டிக்’ என்று பெயர் வைத்தார். ஏன் வைத்தார் என்று விளக்கவே இல்லை. எங்கள் பக்கம் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடம் போகும் ரோட்டில் பாதி லாரிகளில் அதே வார்த்தை எழுதியிருக்கிறது. ஒருவேளை டிரைவர் அண்ணன்களில் யாருக்காவது தெரிந்திருக்கலாம். மூளைக்கட்டியின் உச்சவரம்பு எது என்பதில் மட்டும் விவாதமே இல்லை. மண்டை ஓடு.

நடுவில் சின்ன ஸ்பேர் பார்ட் ஒன்று. இங்கிலாந்தில் ஃபிரான்சிஸ் கால்டனுக்குப் பெரிய இடத்துக் குடும்பப் பெயர்கள் அழிந்து போகின்றனவே என்று கவலை. 1873-ல் அதையே ஒரு கணக்காக்கிப் பத்திரிகையில் போட்டார். வாட்சன் என்ற பாதிரியார் விடை அனுப்பினார்: எல்லாக் குடும்பப் பெயரும் கடைசியில் அழிந்துவிடும். விடை தப்பு! இனிஷியலோடு காலம் தள்ளும் நமக்கு இந்தக் கவலையே புரியாது. ஆனால் கெட்டுப்போன ஒற்றைச் செல்லின் வம்சம் தழைக்குமா, தானே அற்றுப்போகுமா என்று இன்று பார்ப்பதும் அதே கணக்கில்தான். தப்பைத் திருத்திக்கொண்டு.

சரி, கணக்கு வாத்தியார்கள் இப்படி என்றால், கத்தி பிடித்தவர்கள்? அமெரிக்காவில் ஹார்வி குஷிங் என்று ஒரு மகா மேதை. மூளை அறுவை என்ற துறைக்கே ஏறக்குறைய தகப்பனார். ஒரு வாழ்க்கை வரலாறு எழுதி 1926-ல் புலிட்சர் பரிசும் வாங்கினார். அதே வருஷம் பெர்சிவல் பெய்லியோடு சேர்ந்து மூளைக்கட்டிகளை வகை பிரித்துப் பெயரும் வைத்தார். அறுத்தெடுத்த கட்டிகளையும் மூளைகளையும் ஜாடியில் போட்டு, லேபிள் ஒட்டிச் சேர்த்து வைப்பது பழக்கம். நம் வீட்டுப் பாட்டிகள் ஊறுகாய்க்குக் காட்டும் அதே சிரத்தை.

அவரிடம் வேலை பார்த்த வால்டர் டேண்டிக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். டேண்டி அவசரக்காரர், துணிச்சல்காரர். எக்ஸ்ரேயில் மூளை சரியாகத் தெரியவில்லையா? மண்டையில் ஓட்டை போட்டு, மூளை அறைகளுக்குள் காற்று அடித்துப் படம் எடு என்று 1918-ல் வழி காட்டியவர். பஞ்சர் கடைக்காரர் தண்ணீர்த் தொட்டியில் ட்யூபை முக்கிப் பார்க்கும் புத்திசாலித்தனம். மெட்ராஸ் ஜி.எச்.சில் 1950-ல் பி. ராமமூர்த்தி மூளை அறுவைப் பிரிவை ஆரம்பித்தபோது உலகத்தில் எங்கேயும் ஸ்கேன் கிடையாது. இந்த மாதிரி வித்தைகளை வைத்துத்தான் கட்டி எந்தப் பக்கம் என்று தேடவேண்டும்.

1920-களில் டேண்டி உச்சத்துக்குப் போனார். கிளையோமா என்ற கட்டி எடுத்தாலும் திரும்பத் திரும்ப வருகிறதே, வலது பாதி மூளையையே எடுத்துவிட்டால்? எடுத்தும் விட்டார். ஒருவர் இருவர் இல்லை, சிலருக்கு. ஏற்கெனவே இடதுபக்கம் கைகால் விழுந்துபோனவர்கள், வேறு வழி இல்லாதவர்கள். பிழைத்தவர்கள் எழுந்து பேசினார்கள், குடும்பத்தை அடையாளம் கண்டார்கள். பிறகு கட்டி மிச்சமிருந்த மற்ற பாதியில் வந்து நின்றது. வீட்டில் எலி என்று பாதி வீட்டை இடித்தால், எலி முந்தின வாரமே அடுத்த போர்ஷனுக்குக் குடிபோயிருந்தது.

குஷிங்கின் ஜாடிகள் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போயின. ஒரு காலத்தில் மாணவர் விடுதியின் அடித்தளத்தில் தூசி படிந்து கிடக்க, பையன்கள் ராத்திரியில் திருட்டுத்தனமாக இறங்கி அவற்றைப் பார்ப்பதை ஒரு வீரச்செயலாக வைத்திருந்தார்கள். 2010-லிருந்து முறையான காட்சியகம். யேல் என்பது யார்? நம் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் 1687 முதல் 1692 வரை தலைமை வகித்த எலிஹு யேல்தான். பிற்பாடு அவர் அனுப்பிய சரக்கு மூட்டைகளை 562 பவுனுக்கு விற்றுத்தான் அந்தக் கல்லூரி எழும்பியது, 1718-ல் அவர் பெயரையும் வைத்துக்கொண்டது. மெட்ராஸில் சம்பாதித்த காசு, பாஸ்டனில் எடுத்த மூளை. எல்லாம் ஒரே கூரையின் கீழ்.

இப்போது சேஸிஸ். ஆர்.ஏ. ஃபிஷர், புள்ளியியலின் பிதாமகர். அவருடைய தாடிக்கும் பைப்புக்கும் கோபத்துக்கும் உலகப் புகழ் உண்டு. 1937-ல், ஒரு நல்ல மரபணு கடற்கரையோர ஜனங்களிடையே எப்படி அலை மாதிரி பரவும் என்று சமன்பாடு எழுதினார். அதே வருஷம் மாஸ்கோவில் கோல்மோகோரோவும் இன்னும் இருவரும் அதையே எழுதியிருந்தார்கள். சாராம்சம் எளிது. ரெண்டே எண்: ஒன்று பெருகும் வேகம், மற்றது அலையும் வேகம். ரெண்டையும் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, இரண்டால் பெருக்கினால், அலை முன்னேறும் வேகம். அதற்கு அடுத்த ஜனவரியில் கல்கத்தா புள்ளியியல் மாநாட்டில் ஃபிஷர் மாலை மரியாதையோடு தலைமை வகித்தார்.

இருபது வருஷம் கழித்து அதே ஃபிஷர், சிகரெட்டால் நுரையீரல் புற்றுநோய் வருகிறது என்ற டாக்டர்களோடு மல்லுக்கு நின்றார். ஒருவேளை கேன்சர் வரப்போகிற உறுத்தலுக்கு இதமாக இருக்கட்டும் என்றுதான் சிகரெட் பிடிக்கிறார்களோ என்றுகூடக் கேட்டார். எதிர்க்கட்சி எம்.எல்.ஏ.வுக்குக்கூட இது தோன்றாது. புகையிலைக் கம்பெனிகளின் அமைப்புக்கு ஆலோசகராகவும் இருந்தார் என்பதை இந்த இடத்தில் மெதுவாகச் சொல்லிவைக்கிறேன். சிகரெட்டுக்கும் கேன்சருக்கும் சம்பந்தமில்லை என்றவருடைய சமன்பாட்டுக்குக் கேன்சரோடு பிற்பாடு ஏற்பட்ட சம்பந்தம், பிரிக்கவே முடியாதது.

சம்பந்தம் பேசி முடித்தவர் ஜேம்ஸ் மரே. ஸ்காட்லாந்துக்காரர். உடம்பில் புள்ளி உள்ள மிருகத்துக்கு வாலில் வரி வரலாம், வரி உள்ள மிருகத்துக்கு வாலில் புள்ளி வராது என்று கணக்கால் நிரூபித்துக்கொண்டிருந்தவர். 1990-களில் சியாட்டிலில் ஆல்வர்ட் என்ற மூளை நோய்க்கூறு நிபுணரோடு கூட்டு சேர்ந்து, சிறுத்தையை விட்டுவிட்டு கிளையோமாவுக்கு வந்தார். செல்கள் பெருகுகின்றன, அலைகின்றன. ஃபிஷரின் அதே ரெண்டு எண்! 2000-ல் அவருடைய மாணவி கிறிஸ்டின் ஸ்வான்சன் அதில் ஒரு திருத்தம் செய்தார். மூளையில் சாம்பல் பகுதி, வெள்ளைப் பகுதி என்று ரெண்டு உண்டு. வெள்ளை என்பது நரம்பு இழைகள் ஓடும் பாதை. அதில் இந்தச் செல்கள் பல மடங்கு வேகமாக ஓடும்.

இது மறைமலை நகர்வாசிக்குப் பாடம் நடத்த வேண்டிய விஷயமே இல்லை. தாம்பரம் எப்படி வளர்ந்தது? வட்டமாகவா? ஜி.எஸ்.டி. ரோட்டையும் ரயில் பாதையையும் பிடித்துக்கொண்டு பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி என்று நீளமாக வந்தது. ரோட்டிலிருந்து ரெண்டு கிலோமீட்டர் உள்ளே போனால் மாடு மேய்கிறது. அது சாம்பல் பகுதி. வானத்திலிருந்து படம் எடுத்தால் கட்டடக் கூட்டம்தான் தெரியும். அதைத் தாண்டி ஏரி ஓரத்தில் கல் நட்டுக் கொடி கட்டி ‘பிளாட் விற்பனைக்கு’ என்று உட்கார்ந்திருக்கும் ஒற்றை ஆள் தெரியமாட்டார். ஸ்கேனில் தெரியும் கட்டியும் அப்படித்தான். கூட்டம் தெரியும், முன்னாலேயே போய் இடம் பிடித்தவன் தெரியமாட்டான். டேண்டி பாதி மூளையை எடுத்தும் தோற்றது அவனிடம்தான்.

இத்தனை ஆர்ப்பாட்டத்துக்கும் பிறகு 2003-ல் பிரான்ஸில் மாண்டோனே குழுவினர், மெதுவாக வளரும் வகைக் கட்டி உள்ள 27 பேரின் ஸ்கேன்களை வரிசையாக வைத்து அளந்தார்கள். சராசரியாக வருஷத்துக்கு நாலு மில்லிமீட்டர் விட்டம். வளைவும் இல்லை, உச்சவரம்பும் இல்லை. நேர்கோடு! ஃபிஷரின் அலையும் நேர்கோட்டில்தான் முன்னேறும். பையன் ஸ்கேல் வைத்து இழுக்கும் கோட்டுக்கு இத்தனை பேர் தேவைப்பட்டார்கள்.

பிரேக் பாக்கி இருக்கிறது. பாரிஸில் குளோடியஸ் ரெகோ என்ற டாக்டர், 1920-களில் கிடாக்களுக்கு எக்ஸ்ரே அடித்து மலடாக்க முயன்றார். ஒரே தடவையில் பெரிய டோஸ் அடித்தால் தோல் வெந்துபோனது, கிடா மட்டும் மலடாகவில்லை. பிரித்துப் பிரித்துப் பல நாளாகக் கொடுத்தார். மலடாயிற்று, தோலும் தப்பித்தது. வேகமாகப் பெருகும் செல் இப்படித்தான் சாகும், பக்கத்துத் தோல் இடைவெளியில் தேறிக்கொள்ளும். புற்றுக் கட்டியும் பெருகும் செல்தானே? இன்று உலகமெங்கும் கதிர்சிகிச்சையைத் தவணை தவணையாகக் கொடுப்பதன் பின்னால் அந்தக் கிடாவின் தியாகம் இருக்கிறது. எந்த ஆஸ்பத்திரி வாசலிலும் அதற்கு ஒரு சிலை இல்லை.

கிளையோபிளாஸ்டோமா என்ற முரட்டு வகைக்கு வழக்கமான கணக்கு 60 கிரே அளவுக் கதிர், 30 தவணை, திங்கள் முதல் வெள்ளி வரை ஆறு வாரம். ஒவ்வொரு தவணையிலும் எத்தனை செல் பிழைக்கும் என்று சொல்ல ஒரு சமன்பாடு உண்டு. டோஸுக்கு ஒரு பங்கு, டோஸின் வர்க்கத்துக்கு ஒரு பங்கு. அந்தக் கணக்கில் சனி, ஞாயிறையும் சேர்த்தே போடவேண்டும். மெஷினுக்கு லீவு உண்டு, கட்டிக்குக் கிடையாது. 2005-ல் வந்த பெரிய ஆய்வில், கதிரோடு டெமோசோலமைடு மாத்திரையும் சேர்த்தபோது நோயாளிகள் வாழ்ந்த இடைநிலைக் காலம் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாயிற்று. இரண்டரை மாதம். இந்த இடத்தில் எனக்கு ஜோக் வரவில்லை.

கடைசியாக நம்ம ஊர். ஐ.ஐ.டி. மெட்ராஸில் மைக்கேல் குரோமிஹா குழு 2022-ல் ‘ஜிபிஎம்டிரைவர்’ என்று ஒரு மென்பொருள் செய்தது. கிளையோபிளாஸ்டோமா செல்லின் மரபணுவில் ஆயிரக்கணக்கில் மாற்றங்கள் இருக்கும். அதில் நோயை ஓட்டுவது எது, சும்மா கூட வருவது எது? விஞ்ஞானிகள் இதற்கு வைத்த பெயர்கள் டிரைவர், பாசஞ்சர். சத்தியமாக, நான் வைத்த பெயர் இல்லை. டிரைவர்கள் 9,386, பாசஞ்சர்கள் 8,728 என்று கம்ப்யூட்டருக்குக் காட்டிப் பழக்கினார்கள். இப்போது நூற்றுக்கு 82 தடவை அது சரியாகச் சொல்கிறது.

நேற்று சாயங்காலம் கூடுவாஞ்சேரியில் ஷேர் ஆட்டோ ஏறினேன். பின்னால் ஏழு பேர். முன் சீட்டில் மூன்று பேர் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள், மூவர் கையும் ஹேண்டில்பார் பக்கமாகவே இருந்தது. “அண்ணே, பொத்தேரி நிக்குமா?” என்று கேட்டேன். மூன்று பேரும் திரும்பி, “ஏறுங்க சார்” என்றார்கள்.